ஓர் இடமும் இரு வீரரும்

கிரிக்கெட்டு ஆட்டத்தில் களத்தில் இறங்குவோர் பக்கத்துக்குப் பதினொருவர். அந்தப் பதினொருவர் யாவர் என்று களத்துக்கு வெளியே இருந்து வழக்காடுவோர்க்குத் தொகையே இல்லை. இந்திய அணியின் ஆட்டக்காரர் பட்டியல் வெளியாகும் நாள், பெங்களூரில் நாங்கள் வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பில், பிள்ளைகளின் பள்ளியிறுதித் தேர்வு முடிவு வெளியாகும் நாளைப் போன்றது. நாளேடு வந்ததும் முதற் பக்கத்தை விட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். "நம்மவர் இருக்கிறாரா?" என்பதே முதற் கேள்வி.

அக்கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது. நம்மவர் என்பவர் யார்? பிறந்த நாட்டின் வீரரா, பிழைக்க வந்த ஊரின் வீரரா? 1960ஆம் ஆண்டுகளின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்திய அணியில் ஆஃப் ஸ்பின் பந்துவீச்சாளருக்கென இருந்தது பெரும்பாலும் ஓர் இடமே. அந்த இடத்துக்கு உரியவர் இருவர். ஒருவர் சென்னையின் சீ. வேங்கடராகவன்; மற்றவர் பெங்களூரின் எ. பிரசன்னா. இவ்விருவருள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற வழக்கு, தேர்வுக்குழுவினர் அறையில் நடந்ததைவிட நம் வீட்டுத் திண்ணைகளில் மிகுதியாக நடந்தது என்றால் மிகையாகாது. அந்த வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டத்தின் கணக்கோடு வாழ்க்கைக்கு வேண்டிய பாடம் ஒன்றும் அதில் அடங்கியுள்ளது.

இரு ஊர்களின் உறவு

சென்னைக்கும் மைசூருக்கும் இவ்வாட்டத்தில் உள்ள தொடர்பு மிகப் பழையது. ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டமே இவ்விரு அணிகளுக்கும் இடையே நடந்ததுதான். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கிய அவ்வாட்டம் அன்றே முடிந்துபோயிற்று. ஏ. ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்சிலுமாக 11 விக்கெட்டுகளை வீழ்த்தச் சென்னை வென்றது. அன்று தொடங்கிய போட்டி, மைசூர் அணி கர்நாடகமாகவும் சென்னை அணி தமிழ்நாடாகவும் பெயர் மாறிய பின்னும் குன்றவில்லை.

பெங்களூர்த் தமிழர்க்கு இப்போட்டி ஒரு தருமசங்கடம். 1809இல் பாளையம் அமைந்த காலந்தொட்டு அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் வாழ்ந்து வந்தனர். பின்னர் 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் கைக்கடிகாரம் பின்னாளில் செய்த இயந்திரக் கருவித் தொழிற்சாலை, 1954இல் மின்னணுத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது, தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. சோறு போட்டது இந்த ஊர். தாலாட்டுக் கேட்டது அந்த ஊர். இரண்டில் ஒன்றை மட்டும் தம்முடையது என்று சொல்ல இயலாதவர்களே நம் பெற்றோர்.

இரு பொறியாளர்

பிரசன்னா 1940ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். 1962 சனவரியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டு ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு அகவை 21. அவ்வாட்டம் நடந்த இடம் சென்னை. அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று அங்கும் ஓர் ஆட்டம் ஆடினார். திரும்பி வந்தபின் பொறியியற் படிப்பை முடிக்கும் பொருட்டு ஆட்டத்தை ஒதுக்கி வைத்தார். மீண்டும் அவர் டெஸ்டு ஆட்டம் ஆடியது 1967 சனவரியில், அதுவும் சென்னையில். இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன.

அந்த ஐந்தாண்டுகளில்தான் மற்றவர் தோன்றினார். 1945இல் சென்னையில் பிறந்த வேங்கடராகவன், கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, 1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் அறிமுகமானார். மறுமாதம் தில்லியில் நடந்த ஆட்டத்தில் முதல் இன்னிங்சில் 8, அடுத்ததில் 4 என 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அப்போது அவருக்கு இருபது அகவைகூட நிரம்பவில்லை. ஆக, இருவரும் பொறியாளர். இருவரும் ஒரே வகைப் பந்துவீச்சாளர். இருவரும் முதன்முதலாக டெஸ்டு ஆடிய நகரமும் ஒன்றே.

இருவரையும் ஒருங்கே ஆட்டுவதற்கென்ன என்று இக்காலத்து இளைஞர் கேட்கக்கூடும். காரணம் பந்தின் திசையில் உள்ளது. வலக்கையால் மட்டை பிடிப்பவருக்கு ஆஃப் ஸ்பின் பந்து வெளிப்புறத்தில் விழுந்து உள்நோக்கித் திரும்பும். பிஷன்சிங் பேடி இடக்கையால் வீசிய பந்து அதற்கு எதிர்த்திசையில், மட்டையை விட்டு விலகிச் சென்றது. மைசூரிற் பிறந்த பி. எஸ். சந்திரசேகரோ, இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையைக் கொண்டே, எத்திசையில் திரும்பும் என்று எவரும் உணர முடியாத பந்தை வேகமாக எறிந்தார். பேடியும் சந்திரசேகரும் இடம்பெற்றபின், உள்நோக்கித் திரும்பும் பந்துக்கு ஒருவரே போதும். பிறிதொருவரைச் சேர்த்தால் மட்டையாளர் ஒருவரைக் குறைக்க நேரும். அதனால் நால்வரும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து ஆடியது ஒரே முறை; 1967 சூலையில், இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில். அவ்வாட்டத்தில் இந்தியா தோற்றது.

வகை ஒன்றானாலும் முறை வேறு. பிரசன்னா பந்தை உயரத் தூக்கி வீசி, வந்து சேரும் தொலைவைக் கடைசி நொடியில் மட்டையாளருக்கு மறைப்பவர். அடி வாங்கவும் அஞ்சாதவர். வேங்கடராகவன் தாழ்வாகவும் விரைவாகவும் வீசி, ஓட்டம் கொடாமல் இறுக்குபவர். அதனோடு மட்டையாளருக்கு அருகில் நின்று பந்தைப் பிடிப்பதில் வல்லவர். 57 டெஸ்டுகளில் 44 பந்துகளைப் பிடித்தவர். எங்கள் குடியிருப்பில் நடந்த வழக்கெல்லாம் இந்த வேறுபாட்டைச் சுற்றியே சுழன்றது. விக்கெட்டு வேண்டுமென்றால் பிரசன்னா என்பார் ஒருவர். ஆட்டத்தைக் காக்க வேண்டுமென்றால் வேங்கட் என்பார் மற்றொருவர்.

அந்த ஒருவரும் மற்றொருவரும் எனக்கு மிக நெருங்கியவர்கள். வேங்கடராகவனுக்கு வழக்குரைத்தவர் என் தந்தையார். பிரசன்னாவின் பக்கம் நின்றவர் அடுத்த வீட்டுக் கன்னட நண்பர். நாங்கள் அவரை மாமா என்றே அழைப்போம். இருவரும் ஒரே தொழிற்சாலையில் லேத்துப் பொறியில் வேலை செய்தவர்கள். காலைச் சங்கு ஊதுமுன் சேர்ந்தே சைக்கிளில் செல்வார்கள். போகும்போதும் வரும்போதும் வழக்கு நடக்கும்.

ஏறுமுகமும் இறங்குமுகமும்

1967 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கும் அங்கிருந்து நியூசிலாந்துக்கும் சென்ற இந்திய அணியில் பிரசன்னா இருந்தார். எட்டு டெஸ்டுகளில் 49 விக்கெட்டுகள் அவருக்குக் கிட்டின. நியூசிலாந்தில் இந்தியா 3-1 என்று வென்றது. அயல்நாட்டு மண்ணில் இந்தியா தொடரை வென்றது அதுவே முதன்முறை. 20 டெஸ்டுகளிலேயே 100 விக்கெட்டுகளை எட்டிய பெருமையும் பிரசன்னாவைச் சேர்ந்தது. அந்நாளில் மாமாவின் குரல் ஓங்கியிருந்ததில் வியப்பில்லை.

1969 நவம்பரில் ஆஸ்திரேலிய அணி பம்பாயில் ஆட வந்தது. முதலில் அறிவித்த அணியில் வேங்கடராகவன் இல்லை. அதைக் கண்டித்து நாடெங்கும் எழுந்த கூச்சலுக்குப் பின், வங்காளத்து வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதோ குகா தாமே விலகி இடம் தந்தார். தம் இடத்தை விட்டுக்கொடுத்த அந்த மனிதரை இன்று நினைப்பார் அரியர். அதே ஆட்டத்தில் வேங்கடராகவன் மட்டை பிடித்தபோது, பந்து மட்டையில் படவில்லை என்று பலரும் கருதிய நிலையில் நடுவர் அவரை ஆட்டமிழந்ததாக அறிவித்தார். கூட்டம் கொதித்தது, நாற்காலிகள் எரிந்தன. பார்வையாளரின் ஆர்வம் எத்துணைப் பெரிதோ அத்துணைத் தீங்கும் செய்யவல்லது என்பதற்கு அந்த நாள் சான்று.

1971இல் காற்றுத் திசை மாறிற்று. அஜித் வாடேகர் தலைவரானார். வேங்கடராகவன் துணைத் தலைவரானார். மேற்கிந்தியத் தீவுகளை அவர்கள் மண்ணிலேயே இந்தியா முதன்முறை வென்ற அத்தொடரில் வேங்கடராகவன் 22 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிரசன்னாவுக்கு மூன்று ஆட்டங்களில் 11 கிடைத்தன. அடுத்து இங்கிலாந்துப் பயணம். மூன்று டெஸ்டுகளிலும் வேங்கடராகவனே ஆடினார். இரண்டாண்டுக்கு முன் உலகின் தலைசிறந்த ஆஃப் ஸ்பின்னர் என்று பலராலும் புகழப்பட்ட பிரசன்னா, மூன்று ஆட்டங்களையும் வெளியிலிருந்தே பார்த்தார்.

அத்தொடரை வென்று தந்தவரோ, தேர்வுக்குழு எப்போதோ கைவிட்டதாக எல்லாரும் எண்ணியிருந்த சந்திரசேகர். 1967-68 ஆஸ்திரேலியப் பயணத்தில் சோர்ந்து காயமுற்றுத் திரும்பிய அவர், அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் டெஸ்டு ஆடவில்லை. அவரை 1971இல் மீண்டும் அழைத்தது துணிச்சலான செயல். ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்டு வெற்றிக்கு அவர் வழிகோலினார். 1972-73இல் இங்கிலாந்து இங்கு வந்தபோது ஒரே தொடரில் 35 விக்கெட்டுகளை எடுத்தார். ஓய்ந்தவர் என்று ஒருவரை முடிவுகட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணவேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்கு உணர்த்தின. தந்தையாரும் மாமாவும் கருத்தொருமித்த சில செய்திகளுள் சந்திரசேகரின் மீட்சியும் ஒன்று.

பெங்களூரிலும் சேப்பாக்கத்திலும்

1974 மார்ச்சில் பெங்களூரில் நடந்த ரஞ்சி அரையிறுதியில், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றுவந்த பம்பாய் அணியைக் கர்நாடகம் வெளியேற்றியது. தலைவர் பிரசன்னா. இறுதியில் ராஜஸ்தானையும் வென்று கோப்பை முதன்முறை இம்மாநிலத்துக்கு வந்தது. எங்கள் குடியிருப்பில் தமிழ் வீடு, கன்னட வீடு என்ற வேறுபாடின்றி இனிப்பு வழங்கினார்கள். ஓராண்டுக்கு முன் சேப்பாக்கத்தில் அதே பம்பாயிடம் தமிழ்நாடு இறுதியாட்டத்தை மூன்றாம் நாள் முதற்பந்திலேயே இழந்திருந்தது. அந்தத் தோல்வியைத் தலைவராக இருந்து கண்டவர் வேங்கடராகவன். ஆகவே தந்தையார் இனிப்பை வாங்கிக்கொண்டு, "பம்பாயை யார் வென்றாலும் நமக்கு மகிழ்ச்சியே" என்று சொன்னதில் பொருள் இருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் பெங்களூரின் முதல் டெஸ்டு ஆட்டம் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்தது. கட்டி முடியாத புதிய மைதானம். மழை நனைத்த ஆடுகளம். ஒழுங்கு நடவடிக்கையாகப் பேடி விலக்கப்பட்டிருந்தார். அதனால் பிரசன்னா, வேங்கடராகவன், சந்திரசேகர் மூவரும் சேர்ந்து ஆடினர். முதல் இன்னிங்சில் வேங்கடராகவனும் சந்திரசேகரும் ஆளுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தனர். இந்தியா தோற்றாலும், யாருக்கு இடம் என்ற கேள்வி அந்த ஐந்து நாளும் எழவில்லை.

அடுத்த ஆட்டம் தில்லியில். தலைவர் பட்டோடிக்கும் கவாஸ்கருக்கும் காயம். எனவே வேங்கடராகவன் இந்தியாவின் தலைவரானார். ஆட்டம் தோல்வியில் முடிந்தது. அதற்கடுத்துக் கல்கத்தாவில் பட்டோடி திரும்பியதும், முந்தைய ஆட்டத்தின் தலைவருக்குப் பதினொருவருள் ஓர் இடமும் இல்லாமற் போயிற்று. தலைமையிலிருந்து வெளியிருப்புக்கு ஒரே படி! அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிரசன்னா அணியில் இருந்தார். ஆயினும் அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1975 சனவரியில், பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நான்காம் டெஸ்டு. கர்நாடகத்தின் குண்டப்பா விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். பிரசன்னா 70 ஓட்டங்களுக்கு 5, பின்னர் 41 ஓட்டங்களுக்கு 4 என 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா வென்றது. வேங்கடராகவனின் சொந்த ஊரில், அவர் இல்லாத ஆட்டத்தில், அவருடைய இடத்தில் ஆடியவரை அந்தக் கூட்டம் எழுந்து நின்று வாழ்த்திற்று. விசுவநாத்தைச் சென்னை மக்கள் தம் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். வானொலியில் அந்த ஆரவாரம் கேட்ட எங்கள் வீட்டில் எல்லார்க்கும் கண் பனித்தது. "நம்மவர் யார்?" என்ற கேள்விக்குச் சேப்பாக்கம் அன்று தந்த விடை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முதுமை வந்தபோது

எந்த வீரருக்கும் ஒரு மாலைப்பொழுது உண்டு. 1976இல் ஆக்லந்தில் 76 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தித் தம் வாழ்நாளின் சிறந்த பந்துவீச்சைக் காட்டியபோது பிரசன்னாவுக்கு அகவை 35. 1978 அக்டோபரில், இருபத்துமூன்று ஆண்டுக்குப்பின் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது அவர் 38ஐ எட்டியிருந்தார். சாகீர் அப்பாசும் சாவேத் மியாந்தாதும் இந்தியச் சுழற்பந்துகளைச் சிதறடித்தனர். பிரசன்னாவின் பந்து முன்போல் மேலெழுந்து ஏமாற்றவில்லை. லாகூரில் நடந்த இரண்டாம் டெஸ்டே அவருக்குக் கடைசி. பேடியும் சந்திரசேகரும் அடுத்த ஆண்டோடு விடைபெற்றனர். ஒரு தலைமுறையின் சுழற்பந்துக் கலை சில மாதங்களில் களத்தைவிட்டு மறைந்தது.

அந்நாள்களில் ஏளனப் பேச்சு எங்கும் கேட்டது. "கிழவர்களை ஏன் அனுப்பினார்கள்?" என்று தேநீர்க்கடையிற் கேட்டார்கள். எங்கள் குடியிருப்பின் இளைஞர்களும் அவ்வாறே பேசினோம். நானும் பேசினேன். பல்லாண்டாகப் பிரசன்னாவுக்கு எதிராக வழக்காடிய தந்தையார் அதைக் கேட்டு மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் வானொலியை அணைத்துவிட்டு, "அவர் எடுத்த விக்கெட்டில் பத்தில் ஒன்றை நீ எடுத்துவிட்டு வந்து பேசு" என்று மட்டும் சொன்னார்.

அச்சினத்தின் காரணம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. அவருடைய கண்பார்வை அப்போது மங்கத் தொடங்கியிருந்தது. முப்பதாண்டு பழகிய லேத்தில், தலைமயிர் அளவு பிசகாமல் கடைந்த கை, அளவு தவறத் தொடங்கியிருந்தது. 1979 தொடக்கத்தில் ஒரு காலை, தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் தம் பெயர் பண்டகசாலைக்கு மாற்றப்பட்டோர் பட்டியலில் இருப்பதைக் கண்டார். முன்னதாக எவரும் அவரிடம் சொல்லவில்லை. பலகையைச் சுற்றி நின்ற இளைஞர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்களாம். வீட்டில் அவர் இதைச் சொல்லவே இல்லை. மாமா வந்து என் தாயாரிடம் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

அவ்வாண்டுக் கோடையில் வேங்கடராகவன் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. டெஸ்டுத் தொடரிலும் 1-0 என்று தோல்வி; ஓவலில் 438 ஓட்டங்கள் என்ற பெரும் இலக்கை நோக்கிச் சென்று 429இல் நின்றுபோயிற்று. தலைவரின் பந்துவீச்சும் சோபிக்கவில்லை. மாற்றம் வேண்டும் என்று தேர்வுக்குழு எண்ணியதில் தவறில்லை. ஆனால் அம்மாற்றம் அவரை அடைந்த விதம் வேறு. அணி தாயகம் திரும்பிக்கொண்டிருந்த விமானத்தில், கவாஸ்கர் புதிய தலைவராக நியமிக்கப்பட்ட செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அப்பொழுதுவரை தலைவராயிருந்தவர் அதே விமானத்தில் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

இச்செய்தி அறிந்த அன்று தந்தையார் பேசியது இன்றும் என் செவியில் உள்ளது. "மாற்றட்டும். மாற்றத்தானே வேண்டும். ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே!" அவர் வேங்கடராகவனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அங்கிருந்த எல்லார்க்கும் தெரிந்தது. மாமா எழுந்து வந்து அவர் அருகில் அமர்ந்துகொண்டார்.

தெரிதலும் கண்ணோட்டமும்

வள்ளுவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்றும், தேர்ந்தவரை வேலையில் ஏவுவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். அதே பொருட்பாலில், ஐந்து அதிகாரம் தள்ளிக் 'கண்ணோட்டம்' என்று மற்றொன்றையும் வைத்தார். ஒன்றுக்கு ஒன்று மாறாக அவர் அவற்றைக் கருதவில்லை. வினைக்கு உரியவனையே அமர்த்து என்பவரும் அவரே; பழகியவர்மேல் கண்ணோடாதவன் மண்ணுக்குச் சுமை என்னும் கருத்துடையவரும் அவரே. தேர்வுக்குழுவினர் முன்னதைச் செய்வதற்கு அமர்த்தப்பட்டவர்கள். பின்னதை மறந்தால் அவர்கள் பட்டியல் சரியாக இருந்தும் செயல் பிழையாகும்.

எண்களை மட்டும் நோக்கின் வழக்குத் தீர்ந்துவிடும் என்பர் சிலர். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகளும், வேங்கடராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகளும் எடுத்தனர். ஒரு விக்கெட்டுக்கு முன்னவர் கொடுத்த ஓட்டம் ஏறத்தாழ 30. பின்னவர் கொடுத்தது 36. இக்கணக்கு மாமாவின் பக்கமே சாய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தாம் ஆடுவோமா மாட்டோமா என்ற ஐயத்துடன் ஒவ்வொரு தொடருக்கும் பெட்டி கட்டிய இருவரின் மனநிலையை எந்தக் கணக்கும் காட்டாது. அந்த ஐயத்தோடு ஒருவர் பதினாறு ஆண்டுக்காலமும், மற்றவர் பதினெட்டு ஆண்டுக்காலமும் நிலைத்தார்களே, அது பெரிது.

களத்தை விட்டபின் இருவரும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை வென்ற இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவர் பிரசன்னா. வேங்கடராகவன் நடுவராகி 73 டெஸ்டுகளில் நின்று, உலகம் மதிக்கும் தீர்ப்பாளர் ஆனார். பம்பாயில் நடுவர் தீர்ப்பொன்றால் கலவரம் மூண்டபோது மட்டையுடன் நின்ற அதே மனிதர்!

இன்றைய பட்டியல்

இவ்வழக்கு அந்தத் தலைமுறையோடு ஒழியவில்லை. 20 டெஸ்டுகளில் 100 விக்கெட்டு என்ற பிரசன்னாவின் பெருமையை, 2013 நவம்பரில், 18 டெஸ்டுகளிலேயே எட்டி விஞ்சியவர் சென்னையின் இரவிச்சந்திரன் அசுவின். அவரும் ஓர் ஆஃப் ஸ்பின்னர். அவரும் ஒரு பொறியாளர். 2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்டு இறுதியாட்டத்தில் அவருக்கு இடமில்லை. 2024 டிசம்பரில், ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே, 537 விக்கெட்டுகளுடன் அவர் ஓய்வை அறிவித்தார். நம் வீடுகளில் அன்று எழுந்த பேச்சு, 1971இல் எழுந்த பேச்சின் எதிரொலியே.

பெங்களூரின் ஐ.பி.எல். அணியிலும் இதைக் கண்டோம். சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக், 2022இல் இவ்வூர் அணிக்காக 330 ஓட்டங்கள் குவித்து, 37ஆம் அகவையில் இந்திய அணிக்கே திரும்பினார். மறு ஆண்டு அவர் எடுத்தது 140 மட்டுமே. "முடிந்தது இவர் ஆட்டம்" என்று இதே நகரம் சொல்லிற்று. இளைஞர் பலர் அதைக் கேலியாகவே சொன்னார்கள். அணி அவரை வைத்துக்கொண்டது. 2024இல் 326 ஓட்டங்கள் எடுத்து, தலைநிமிர்ந்து விடைபெற்றார். 2025 சூன் 3ஆம் நாள் பெங்களூர் முதன்முறை அக்கோப்பையை வென்றபோது, அவர் அவ்வணியின் மட்டைப் பயிற்சியாளர்.

இன்று ஒரே வீட்டில் அண்ணன் சிவப்புச் சட்டையும் தம்பி மஞ்சட் சட்டையும் அணிந்து வழக்காடுகிறார்கள். ஏலத்தில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று உணவு ஆறும்வரை பேசுகிறார்கள். பேசட்டும், வழக்காடுவது ஆட்டத்தின் சுவை. ஆனால் ஓட்டம் வறண்ட ஒரு மூத்த வீரரைப் பற்றிப் பேசும்போது, அதே அறையில், அதே அகவைக்கணக்கில், தம் வேலையில் தடுமாறத் தொடங்கிய தந்தையோ மாமனோ கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுவே.

இறுதியாக ஒன்று. தந்தையாரும் மாமாவும் 1980இலும் அதற்கடுத்த ஆண்டிலும் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து, நகரின் இரு மூலைகளில் குடியேறினர். சைக்கிள் பயணம் நின்றது, வழக்கும் ஓய்ந்தது. 1983 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் அணி அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு மேலாக டெஸ்டு ஆடாத வேங்கடராகவன், 38ஐ நெருங்கும் அகவையில், அதில் இடம்பெற்றிருந்தார். எங்கள் வீட்டுக்கு நாளேடு சற்றுத் தாமதித்தே வரும். அன்று அதற்கு முன்பே வாயிற் கதவு தட்டும் ஒலி கேட்டது. இரண்டு பஸ் மாறி வந்த மாமா, கையில் மடித்த நாளேட்டுடன் நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பக்கம் மேலே தெரிய மடித்திருந்தார்.